தலைமடை மஞ்சள், கடைமடை பச்சை: மக்காச்சோளத்துக்குப் போட்ட யூரியா எங்கே போகிறது?

போன போகத்தில் என் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் 40 நாள் பயிராக இருந்தபோது இரண்டு நிறத்தில் நின்றது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பள்ளத்துப் பக்கம் கரும்பச்சை. மடை திறக்கும் மேட்டுப் பக்கமோ வெளிறிப்போய், அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்நோக்கி மஞ்சள் ஏறி, ஓரம் மட்டும் பச்சையாக நின்றது. தழைச்சத்துப் பற்றாக்குறையை மக்காச்சோளம் இப்படித்தான் காட்டும், பார்த்துப் பழகியவர்களுக்குச் சந்தேகமே வராது. எனக்குப் புரியாதது வேறு. கடைமடைதானே காய வேண்டும்? தலைமடைக்குத் தண்ணீரும் கிடைத்தது, யூரியாவும் அதே அளவுதான் போட்டோம். அப்புறம் எப்படி?

பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். "யூரியா பத்தல மாப்ள, மேட்டுல இன்னொரு மூட்டைய வீசி விடு." நானும் வீசினேன். வீசிவிட்டு வழக்கம்போலத் தண்ணீர் கட்டினேன். இரண்டு வாரம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, பிறகு பழைய நிறமே வந்துவிட்டது. கதிர் உடைக்கும்போது மேட்டுப் பக்கத்துக் கதிர்களில் நுனி இரண்டு விரற்கடைக்கு மணி பிடிக்காமல் மொட்டையாக இருந்தது.

நாங்கள் உடுமலைப் பக்கம். செம்மண், அடியில் பருமணல். போர்வெல்லில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குத்தான் தண்ணீர் கட்ட முடியும், பாதி நாள் அது ராத்திரி. பார் பிடித்து, இரண்டு பாருக்கு இடையே உள்ள சால் வழியாகப் பாய்ச்சுவது. சால் நீளம் முந்நூறு அடிக்கு மேல். மடையைத் திறந்துவிட்டுத் திண்ணையில் படுத்தால், எழுந்து பார்க்கும்போது தண்ணீர் கடைமடையைத் தொட்டிருக்காது. அதுவரை தலைமடை குடித்துக்கொண்டே இருக்கும். அந்த மண் குடித்த தண்ணீரோடு என் யூரியாவும் போய்விட்டது என்பதை நான் புரிந்துகொண்டது, எங்கோ அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து மக்காச்சோளக்காரர்களின் 16 வருடக் கணக்கு ஒன்றைப் படித்த பிறகுதான். இனி எழுதப்போவது அந்தக் கணக்கைப் பற்றி.

பிளாட் ஆற்றங்கரை

பிளாட் ஆறு மேற்கே ராக்கி மலைப் பக்கத்திலிருந்து வந்து நெப்ராஸ்காவைக் குறுக்கே கடந்து மிசௌரி ஆற்றில் கலக்கிறது. நடுப் பகுதியில், கார்னி, கிராண்ட் ஐலண்ட் என்ற ஊர்களைச் சுற்றி, ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும்தான் நிலத்தடி. நிலத்தடி நீர் ஆழமில்லை. தோண்டினால் தண்ணீர், இறைத்தால் விளைச்சல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, உரமும் மலிவானது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும், வருடா வருடம் அதே நிலத்தில் மக்காச்சோளம். நம் ஊரில் யூரியா என்றால் அவர்களிடம் அம்மோனியா வாயுவையே உருளையில் அடைத்து மண்ணுக்குள் செலுத்தும் வழக்கம் உண்டு. அதில் 82 சதவீதம் நைட்ரஜன், யூரியாவில் 46.

விளைவு கிணற்றில் தெரிந்தது. பயிர் எடுக்காத நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்கியிருந்தது. குடிநீரில் நைட்ரேட் வடிவிலான நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் வரம்பு. (நம் நாட்டில் இதையே நைட்ரேட்டாகக் கணக்கிட்டு 45 என்கிறார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான், அலகு மட்டும் வேறு. சோதனைச் சீட்டைப் படிக்கும்போது இதில் குழம்பாதவர்கள் குறைவு.) இந்த வரம்பு பச்சைக் குழந்தைகளை முன்னிட்டு வந்தது. நைட்ரேட் அதிகமுள்ள கிணற்று நீரில் கலக்கிய பால் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதை 1945-இல் அயோவாவில் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் எழுதிவைத்தார். பிளாட் கரையின் மேட்டு நிலத்தில் 1987 வாக்கில் நிலத்தடி நீரின் சராசரி 26.4. வரம்பைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

நெப்ராஸ்காவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1972 முதல் அங்கே ஆற்றுப் படுகைகளை ஒட்டி இயற்கை வள மாவட்டங்கள் இயங்குகின்றன. வருவாய் மாவட்ட எல்லை வேறு, இது வேறு. நிர்வாகிகளை உள்ளூர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், சொத்துவரி போடும் அதிகாரமும் உண்டு. நம் பாசன சபைகளுக்கு இதில் கால்வாசி அதிகாரம் இருந்தாலே நாலு மதகு சரியாக மூடும் என்று எனக்குத் தோன்றியது, அதை விடுங்கள். மத்திய பிளாட் மாவட்டம் 1987-இல் நிலத்தடி நீருக்கான திட்டத்தைத் தொடங்கியது. நைட்ரேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பகுதிகளைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். மணல் பாங்கான நிலத்தில் அறுவடை முடிந்த கையோடு, குளிர் வருவதற்கு முன்பே அடுத்த வருடத்துக்கான நைட்ரஜனைப் போட்டுவைக்கும் பழக்கத்துக்குத் தடை. மோசமான பகுதிகளில் மண்ணை ஆழம் வரை குத்தி எடுத்துச் சோதிக்க வேண்டும், பாசன நீரைச் சோதிக்க வேண்டும், எவ்வளவு உரம், எவ்வளவு விளைச்சல் என்று வருடா வருடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் பொக்கிஷம். 1988 முதல் 2003 வரை 16 வருடம், ஏறத்தாழ 23,800 விவசாயி அறிக்கைகள். பரப்பு 58,812 ஹெக்டேர், நம் கணக்கில் ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ஏக்கர். ஆராய்ச்சிப் பண்ணையில் நாலு பாத்தி போட்டு நடத்திய சோதனை இல்லை இது. கடன் வாங்கி, டீசல் போட்டு, மழைக்குப் பயந்து விவசாயம் செய்தவர்களின் சொந்தக் கணக்கு.

கணக்கு சொன்னது

மேட்டு நிலத்தின் சராசரி நைட்ரேட் 26.4-இலிருந்து 22.0-க்கு இறங்கியது, வருடத்துக்கு 0.26 வீதம். ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில், அங்கே மக்காச்சோளம் அவ்வளவு அடர்த்தியாகப் போடுவதில்லை, சராசரி 8 வாக்கில் அப்படியே நின்றது.

நான் முதலில் படித்தபோது, சரி, உரத்தைக் குறைத்திருப்பார்கள், நைட்ரேட் இறங்கியிருக்கிறது, இதில் என்ன அதிசயம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேட்டு நிலத்தில் ஏக்கருக்குப் போட்ட நைட்ரஜன் அளவு அந்த 16 வருடத்தில் மாறவே இல்லை, கிட்டத்தட்ட அதே அளவு. அப்படியானால் குறைந்தது எதனால்?

ஐந்தில் ஒரு பங்கு, விளைச்சல் கூடியதால். வருடா வருடம் மகசூல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, மணியோடு வெளியேறும் நைட்ரஜனும் ஏறியது. மிச்சத்தில் பெரிய பங்கு, மொத்தக் குறைவில் ஏறத்தாழ பாதி, பாசன முறை மாறியதோடு சேர்ந்து வருகிறது. மேட்டு நிலத்தில் சால் வழிப் பாசனம் இருந்த 28,300 ஹெக்டேரில் 15 சதவீதம், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் ஹெக்டேர், தெளிப்பு நீருக்கு மாறியது. அவ்வளவுதான். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பழையபடி சாலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே தெளிப்பு நீர் என்றால் நம் ஊர் குழாயும் தூவானும் இல்லை. நிலத்தின் நடுவே ஒரு கம்பம், அதிலிருந்து கால் மைல் நீளத்துக்குச் சக்கரம் வைத்த குழாய், கடிகார முள் மாதிரி மெதுவாக வட்டமிடும். விமானத்திலிருந்து பார்த்தால் பச்சை வட்டம் வட்டமாகத் தெரியுமே, அது. பிராங்க் சைபாக் என்ற விவசாயி கண்டுபிடித்து 1952-இல் காப்புரிமை வாங்கினார். 160 ஏக்கர் சதுரத்தில் ஒரு வட்டம் 130 ஏக்கர் வரை நனைக்கும், நாலு மூலையும் காய்ந்து கிடக்கும் அல்லது வேறு ஏதாவது செய்துகொள்வார்கள்.

அவர்கள் சால் நீளத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். கால் மைல் சர்வ சாதாரணம், அரை மைலும் உண்டு. எண்ணூறு மீட்டர் சாலில் தண்ணீர் கடைசி வரை போய்ச் சேர எத்தனை மணி நேரம், அதுவரை தலைமடை எவ்வளவு குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் முந்நூறு அடிக்கே இந்தக் கதி.

தண்ணீரும் தழைச்சத்தும் ஒரே வண்டியில்

யூரியா மண்ணில் விழுந்ததும் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் உட்பட பலரும் இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறோம். யூரியா தண்ணீரில் கரையும்போது அதற்கு மின்னேற்றம் எதுவும் கிடையாது, மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். சில நாட்களில் அது அம்மோனியமாக மாறும். அம்மோனியத்துக்கு நேர் மின்னேற்றம், களிமண் துகளுக்கு எதிர் மின்னேற்றம், எனவே ஒட்டிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் சத்து பத்திரம். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டுக்கும் எதிர் மின்னேற்றம், மண்ணுக்கும் அதே. மறுபடி தண்ணீரோடு ஓட்டம். மண் பிடித்து வைக்கும் அளவுக்கு மேல் போகும் தண்ணீர் ஓர் அங்குலம் என்றால் நைட்ரேட் அரை அடி கீழே இறங்கும், மணல் என்றால் ஒரு அடி வரை. மூன்று தண்ணீரில் இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குலம் கூடுதலாகப் போனால், பயிர் எட்டிப் பிடிக்க முடியாத ஆழத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நேரெதிர்த் தொல்லையும் உண்டு. பள்ளத்தில் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் காற்றில்லாத மண்ணில் நைட்ரேட் வாயுவாகி மேலே போய்விடும். ஈரத் தரையில் யூரியாவை மேலாக வீசிவிட்டு, மண் அணைக்காமல், தண்ணீரும் கட்டாமல் நாலு நாள் வெயிலில் விட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போகும். ஆக மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி. பயிர் வாய் வைக்கும் நேரம் வரை சத்தை வேர்ப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் மொத்த வித்தையும், அதைத் தீர்மானிப்பது மூட்டைக் கணக்கை விடத் தண்ணீர்தான்.

மக்காச்சோளம் முதல் மூன்று நாலு வாரம், ஆறு இலை வரும் வரை, தழைச்சத்தைத் தொட்டுத்தான் பார்க்கும். மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்கு கூட எடுக்காது. முழங்கால் உயரம் தாண்டியதும் பசி வந்துவிடும், அங்கிருந்து ஆண் பூ எடுக்கும் வரை அசுரப் பசி. கதிரிலிருந்து பட்டு நூல் போன்ற இழை வெளியே வரும் நேரத்தில் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை முடித்திருக்கும். ஆகவே விதைக்கும்போதே பாதி யூரியாவைப் போடுவது, சாப்பிட ஆள் வருவதற்கு முன்பே இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு ரகத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து சொல்கிறது, அதைக் கால் பங்கு அடியுரமாக, அரைப் பங்கு 25-ஆம் நாள், மீதிக் கால் பங்கு 45-ஆம் நாள் என்று பிரிக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவினையின் பொருள் இதுதான். ஆனால் 25-ஆம் நாள் அரைப் பங்கைப் போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரியே விடிய விடியத் தண்ணீர் விட்டால்? யூரியா இன்னும் அம்மோனியமாகக் கூட மாறியிருக்காது, நேரே கீழே. நான் செய்தது அதைத்தான்.

வட்டமிடும் குழாய் செய்தது என்ன என்றும் இப்போது புரியும். ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலம் அளவில், எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி தண்ணீர். தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை. இன்னொன்று, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பயிருக்கும் மேலிருந்து தண்ணீரோடு நைட்ரஜனைக் கலந்து விடலாம். நெப்ராஸ்கா 1986-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது, கிணற்றுக்குள் உரம் திரும்பிப் போகாமலிருக்கத் தடுப்பு வால்வு வைக்க வேண்டும் என்றெல்லாம். சால் பாசனக்காரர் பயிர் வளர்ந்தபின் உள்ளே நுழைய முடியாது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டுத் தொலைக்க வேண்டியிருக்கும். பசி வரும் வரை காத்திருக்கும் வசதி குழாய்க்காரருக்கு உண்டு.

விளைச்சல் பக்கம்

நைட்ரேட் கதை சரி, மூட்டைக் கணக்கில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதற்கு அதே ஆற்றின் தென்பக்கம் உள்ள டிரை பேசின் மாவட்டத்துக்குப் போக வேண்டும், ஹோல்ட்ரிஜ் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது. அங்கே 2005 முதல் 2007 வரை விவசாயிகள் கொடுத்த கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாசன மக்காச்சோளத்தின் சராசரி ஹெக்டேருக்கு 13 டன். ஏக்கருக்கு 52 குவிண்டால், அதுவும் சராசரி! போட்ட நைட்ரஜன் ஹெக்டேருக்கு 183 கிலோ. வட்டக் குழாய்க்காரர்கள் சால் வழிப் பாசனக்காரர்களை விட 41 சதவீதம் குறைவாகத் தண்ணீர் விட்டார்கள்.

ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 71 கிலோ மணி. நம் பக்கம் ஏக்கருக்கு 30 குவிண்டால் வந்தால் நல்ல வெள்ளாமை என்று சொல்லிக்கொள்வோம், பரிந்துரைப்படி 100 கிலோ தழைச்சத்து போட்டால் கிலோவுக்கு 30 கிலோ மணி. இன்னொரு விதமாகச் சொன்னால், மணியில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு நைட்ரஜன் என்று வைத்தால், 30 குவிண்டாலில் களத்துக்கு வருவது 37 கிலோவுக்குப் பக்கம். தட்டில் கொஞ்சம் நிற்கும், அது மாட்டுக்குப் போகும். மீதி?

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு நாமெல்லாம் முட்டாள்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்கள் மண்ணில் மக்கு அதிகம். சோயாவை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், அது விட்டுவைக்கும் தழைச்சத்து வேறு. கோடையில் அங்கே பகல் நீளம், ராத்திரி குளிர்ச்சி, பயிர் நம்மை விட ஒரு மாதம் கூடுதலாக நிலத்தில் நிற்கும். அந்த 52 குவிண்டால் உடுமலையில் வராது, வர வேண்டும் என்றும் இல்லை. ஆனால் 71-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் சூரியன் தலையில் கட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

விளைச்சலில் தண்ணீர் தனியாக அடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே யூரியாவால் ஒன்றும் செய்ய முடியாது. ஆண் பூ எடுப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம். அப்போது பயிர் வாடினால் மகரந்தம் உதிர்ந்துவிடும், இழை வெளியே வரத் தாமதிக்கும், இரண்டும் சந்திக்காது. ஒவ்வொரு இழையும் ஒரு மணி. இழை தவறினால் மணி இல்லை. கதிரின் அடிப்பக்கத்து இழைதான் முதலில் வரும், நுனி இழை கடைசி, அதனால் நுனிதான் முதலில் மொட்டையாகும். தழைச்சத்துக் குறைந்தாலும் பிடித்த மணியைப் பயிரே நுனியிலிருந்து கைவிடும். என் மேட்டுக் கதிர்களில் நடந்தது எது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. தண்ணீர் அங்கே குறையவில்லை, எனவே தழைச்சத்து என்றே நினைக்கிறேன்.

எனக்கு உள்ள சந்தேகங்கள்

பிளாட் கணக்கைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பாதிக் குறைவு தெளிப்பு நீரோடு சேர்ந்து வருகிறது என்றால், தெளிப்பு நீர்தான் அதைச் செய்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. லட்சக்கணக்கில் செலவு செய்து குழாய் போடுபவர், மண் சோதனையையும் ஒழுங்காகப் பார்க்கிறவராக இருக்கலாம். மாறிய 15 சதவீத நிலம் எல்லாம் ரொம்ப மோசமாக ஒழுகிய மணல் நிலமாக இருந்திருக்கலாம், அப்படியானால் எல்லோரும் மாறினாலும் அதே விகிதத்தில் பலன் வராது. என்றாலும் 23,800 அறிக்கைகளில் உர அளவு அசையாமல் நிற்க, நைட்ரேட் மட்டும் விடாமல் இறங்கியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொன்று, 22 என்பதும் வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். வருடத்துக்கு 0.26 என்ற வேகத்தில் 10-க்கு இறங்க இன்னும் 46 வருடம். கீழே போன யூரியாவைத் திரும்ப எடுக்க அவ்வளவு காலம்.

திரும்ப எடுக்க ஒரே வழி, அதையே பயிருக்கு இறைப்பது. இது நெப்ராஸ்காவில் சொல்லித்தரும் சாதாரணக் கணக்கு, எனக்குத்தான் புதிது. தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன் இருந்து, ஹெக்டேருக்கு 100 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால், 1 கிலோ நைட்ரஜன் போட்டதாக ஆகிறது. 22 உள்ள கிணற்றிலிருந்து ஒரு போகத்துக்கு 300 மில்லிமீட்டர் இறைத்தால் 66 கிலோ. ஏக்கருக்கு 26 கிலோவுக்கு மேல். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20 கிலோ சொச்சம் தழைச்சத்துதான். ஏக்கருக்கு ஒன்றேகால் மூட்டை யூரியா ஏற்கெனவே கிணற்றில் கரைந்து கிடக்கிறது, விலை கொடுத்து வாங்கியதும் நாம்தான். அவர்களுடைய உரப் பரிந்துரைச் சூத்திரத்தில் மண்ணில் இருக்கும் நைட்ரேட், மக்கு, பாசன நீரில் வருவது எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் போட வேண்டிய அளவு வரும்.

இதைப் படித்ததும் என் போர்த் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். பணம் கட்டி, இரண்டு வாரம் அலைந்து வாங்கிய சீட்டில் கார அமில நிலை இருந்தது, உப்பு இருந்தது, குளோரைடு இருந்தது, நைட்ரேட் என்ற வரியே இல்லை. கேட்டால், "பாசனத் தண்ணிக்கு அதெல்லாம் பாக்க மாட்டோமுங்க, குடிதண்ணின்னா தனியா எழுதிக் குடுக்கோணும்" என்றார்கள். சரி, குடிதண்ணீர் என்றே எழுதிக் கொடுக்கிறேன் என்று இன்னொரு பாட்டிலோடு போக இருக்கிறேன். எப்படியும் அதே தண்ணீரைத்தான் வீட்டிலும் குடிக்கிறோம்.

இந்தப் போகம்

நம் பக்கம் வட்டக் குழாய் வராது, இரண்டு ஏக்கருக்கு அது குருவி தலையில் பனங்காய். நமக்குச் சொட்டு நீர்தான். சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. கரும்புக்கும் தென்னைக்கும் போடுகிறவர்கள் மக்காச்சோளத்துக்குப் போடத் தயங்குவதற்குக் காரணம், மூன்றரை மாதப் பயிருக்கு இவ்வளவு குழாயை விரித்துச் சுருட்டுவது யார் என்பதுதான். நியாயமான தயக்கம். அடுத்த போகம் தக்காளி, வெங்காயம் என்று அதே குழாயில் ஓட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகும்.

ஆனால் சொட்டு நீர் போட்டாலே யூரியா தப்பித்தது என்று இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர் சொட்டு நீரில் யூரியாவைக் கரைத்து முதல் பத்து நிமிடத்தில் விட்டுவிட்டு, மின்சாரம் இருக்கும் வரை மூன்று மணி நேரம் வெறும் தண்ணீரை ஓட்டுகிறார். சொட்டுக்கு நேர் கீழே ஈரம் குடம் மாதிரி இறங்கிக்கொண்டே போகும், அதன் முன்னால் யூரியா போய்க்கொண்டிருக்கும். முதலில் வெறும் தண்ணீர், பாதிக்கு மேல் ஆனபிறகு உரம், கடைசியில் குழாயைக் கழுவும் அளவுக்கு மட்டும் தண்ணீர். இப்படி மாற்றினால் காசு செலவில்லை. சொன்னேன், "பாக்கலாம் தம்பி" என்றார்.

எனக்கு இந்த வருடம் சொட்டு நீருக்கு வழியில்லை, எனவே சாலிலேயே சில மாற்றம். முந்நூறு அடிச் சாலை நடுவில் ஒரு குறுக்கு வாய்க்கால் எடுத்து இரண்டாக வெட்டிவிட்டேன். ஒரு சால் விட்டு ஒரு சாலில் தண்ணீர், யூரியா தண்ணீர் ஓடாத சாலின் ஓரத்தில் குழி பறித்து மண் மூடி. அடுத்த தண்ணீரிலும் அதே சாலில்தான் பாய்ச்சல், மாற்றக் கூடாது, மாற்றினால் போட்டது போச்சு. ஈரம் பக்கவாட்டில் கசிந்து வந்து சேரும், கீழே தள்ளும் வேகம் இருக்காது. முழு மணலில் இது சரிவராது, கசியாமல் நேரே இறங்கிவிடும். என் செம்மண்ணுக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அப்புறம் நெப்ராஸ்காவில் ஷெல்டன் என்ற ஊர்ப் பக்கம் சோதித்துப் பார்த்த ஒரு யோசனை. இலைப் பச்சையம் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வைத்து, நிலத்தில் ஒரு பட்டையில் மட்டும் யூரியாவைத் தாராளமாகப் போட்டுவிடுவது, மற்ற இடத்து இலை அந்தப் பட்டையின் அளவில் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி உரம். மீட்டர் என்னிடம் இல்லை. ஆனால் தாராளப் பட்டை ஒன்றைப் போட யாருக்கும் மீட்டர் வேண்டாம். நாலு சாலுக்குத் தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒன்றரை மடங்கு யூரியா போட்டு, இரண்டு முனையிலும் வேப்பங்குச்சி நட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பட்டையும் பக்கத்துச் சாலும் ஒரே பச்சையாக இருக்கும் வரை மூட்டையைப் பிரிப்பதில்லை என்று முடிவு.

இன்றைக்குப் பயிருக்கு 31 நாள். காலையில் பனி காயுமுன் போய்ப் பார்த்தேன், வெயில் ஏறிவிட்டால் நிறம் சரியாகத் தெரியாது. குச்சி நட்ட பட்டை எது என்று தலைமடையில் நின்று பார்த்தால் தெரியவில்லை. மாமா வரப்பில் வந்து நின்று, "ரெண்டாம் ஒரம் போடலியா மாப்ள?" என்றார். இன்னும் இல்லைங்க மாமா என்றேன். அவர் தோட்டத்தில் நேற்று ராத்திரியே போட்டுவிட்டுத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார், இந்நேரம் வரைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.